ஆளில்லாத வீட்டுக்காரிகள்

தன் வீட்டில் ஆள் யாரும் குடியில்லை என்பதை மாவக்கா ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தெரிந்துகொண்டாள். அப்போது அவள் அந்த வீட்டின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புருஷன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஆளில்லாத வீட்டுக்கு இதெல்லாம் கொஞ்சம் அதிகம்தான்.

மாவக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ரொட்டி ஃபேக்டரியில் மெஷின் பிசைந்து தள்ளுகிற மாவை வெட்டி, தராசே இல்லாமல் ஒரே எடையில் உருட்டிப் போடுகிறவள். இருபத்திரண்டு வருஷமாக அதே மேஜை. எதிர்வீட்டுக்காரி அடுப்பக்கா. தட்டுகளை அடுப்புக்குள் தள்ளி, வெந்ததும் இழுப்பவள். மாவக்காவின் புருஷனுக்கு ரொட்டி வேன். ராத்திரி பன்னிரண்டுக்கு லோடு ஏற்றக் கிளம்பினால் மறுநாள் மத்தியானம்தான் வீடு திரும்புவார். சந்தில் மொத்தம் நாற்பத்தாறு வீடு. அதில் நாற்பத்தொன்று ரொட்டி வீடுகள்.

மகளை வீட்டில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வயது, பட்டம் வாங்கியாகிவிட்டது, இன்னும் பாப்பா. மூன்று மாதத்துக்கு முன்னால் அவளுக்கு நகராட்சியில் ஒரு வருஷ ஃபெல்லோஷிப் கிடைத்தது. படிப்பு முடித்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக் குடிநீர், குப்பை, சுகாதாரம் என்று ஆளுக்கொரு பிரிவில் வேலை கொடுக்கும் திட்டம். ஆயிரம் பேர் எழுதிப் போட்டதில் எடுத்தது பன்னிரண்டே பேர். வேன்காரர் அந்தச் செய்தியை ரொட்டியோடு சேர்த்து எல்லாக் கடையிலும் இறக்கினார். "என்னய்யா வேலை அது?" என்று யாராவது கேட்டால், "பெல்லோசிப்புய்யா! சொன்னா உனக்குப் புரியுமா?" என்பார். அவருக்கும் புரியவில்லை என்பது வேறு விஷயம்.

பாப்பாவுக்குக் கிடைத்தது குடிநீர்ப் பிரிவு. புதுக் குழாய் போடப் போகிறார்கள். எந்த வீட்டில் ஆள் இருக்கிறது, எத்தனை பேர் என்று வீடு வீடாக எண்ணிப் பட்டியல் போட வேண்டும். அவளுக்கு ஜோடியாக இன்னொரு ஃபெல்லோ. முடியைக் கிராப்பு வெட்டியிருந்த, சுறுசுறுப்பான பெண். மாவக்கா அவளுக்குக் கிராப்புக்காரி என்று பெயர் வைத்துவிட்டாள். ஆயிரத்து நூறு வீடு, இரண்டு பெண்கள், மூன்று மாதம். செருப்பு தேய்ந்து இரண்டு முறை மாற்றியாகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை பாப்பா பட்டியலின் நகலைச் சுருட்டி எடுத்துவந்து பெருமையாகத் தரையில் விரித்தாள்.

"பாரும்மா. திங்கக்கிழமை அஞ்சு மணிக்கு இது மேல போகுது. அன்னிக்குத்தான் எங்களோட மூணு மாசமும் முடியுது. எங்க எஞ்சினியர் எங்களைப் பத்தி ஆளுக்கு ஒரு பக்கம் நல்லபடியா எழுதிக் குடுத்தா மீதி ஒன்பது மாசமும் இருக்கலாம்."

"எழுதாட்டி?"

"வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதெல்லாம் எழுதுவார்ம்மா."

"நம்ம சந்து எங்கடி?"

பாப்பா விரலை ஓட்டிக் காட்டினாள். மாவக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். தன் கதவு எண்ணைக் கண்டுபிடித்து அதற்கு நேராக இருந்ததை மெதுவாக வாசித்தாள்.

"பூ...ட்டி...ய வீடு. ஆள்... இல்லை." நிமிர்ந்தாள். "ஆளில்லையா? அப்ப நான் யாருடி?"

பாப்பா சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு கீழே பார்த்தாள். எதிர்வீடு: பூட்டிய வீடு, ஆள் இல்லை. அடுத்த வீடு: ஆள் இல்லை. விரல் கீழே போகப் போக அவள் முகத்தில் ரத்தமே இல்லை. நாற்பத்தொரு வீடும் அப்படியே.

நடந்தது இதுதான். ஃபேக்டரியில் ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட். பகல் என்றால் காலை ஆறிலிருந்து இரண்டு. ராத்திரி என்றால் பத்திலிருந்து காலை ஆறு. ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வந்தவள் ஒன்பது மணிக்குத் தலையைச் சாய்த்தால் சோப்பு விற்கிறவன் தட்டுவான், மீட்டர் பார்க்கிறவன் தட்டுவான், விலாசம் தெரியாதவன் எல்லாம் தட்டுவான். அதனால் அந்தச் சந்துப் பெண்கள் எப்போதோ ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முன்கதவை வெளியே பூட்டிவிட்டு, பின்பக்கமாகச் சுற்றி வந்து உள்ளே படுத்துக்கொள்வது. பகல் ஷிப்ட்காரி வேலைக்குப் போவதற்குப் பூட்டு, ராத்திரி ஷிப்ட்காரி தூங்குவதற்குப் பூட்டு. பதினோரு மணிக்கு வருகிற எவனுக்கும் அங்கே பூட்டு மட்டும்தான் தரிசனம் கொடுக்கும்.

தன் சொந்தத் தெருவைத் தானே எண்ணக் கூடாது என்று விதி. அதனால் கிராப்புக்காரி மட்டும் வந்திருந்தாள். மூன்று தடவை வந்து பார்த்து, மூன்று தடவையும் பூட்டியிருந்தால் ஆளில்லை என்று எழுதலாம் என்பது இன்னொரு விதி. அவள் மூன்று தடவை வந்தாள், மூன்று தடவையும் பதினோரு மணிக்கு. பாப்பா கூட்டல் சரியா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

"நீ அவகிட்ட சொல்லலையா, பூட்டு சமாச்சாரத்தை?"

"தோணவே இல்லம்மா. எல்லா ஊர்லயும் அப்படித்தான் தூங்குவாங்கன்னு..." பாப்பா பட்டியலைச் சுருட்டினாள். "இந்த லிஸ்ட்ல இல்லாத தெருவுக்குக் குழாய் இல்ல. அடுத்த லிஸ்ட் ஏழு வருசம் கழிச்சுத்தான்."

பருப்பு பொங்கி வழிந்தது. மாவக்கா எழுந்து போய் இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"தப்புன்னு போய்ச் சொன்னா எஞ்சினியர் அந்த ஒரு பக்கத்தை எழுதுவாரா?"

"தப்பான லிஸ்ட்ல கையெழுத்துப் போட்டிருக்கோம். எப்படிம்மா எழுதுவார்?"

"அப்ப விடு. வாயே திறக்காத. இத்தனை நாள் லாரித் தண்ணிதானே பிடிச்சோம். இன்னும் ஏழு வருசம் பிடிச்சா செத்தா போயிடுவோம்?"

சொல்லும்போது சரியாகத்தான் இருந்தது. மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குத் தண்ணி லாரி முன்னால் நிற்கும்போது அப்படி இல்லை.

வெயில் இன்னும் இறங்கவில்லை. தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. குடம், வாளி, பெயின்ட் டப்பா என்று வரிசை முனைவரை போயிருந்தது. லாரிக்காரன் குழாயைத் திறந்துவிட்டு நிழலில் போய் நின்றுகொண்டான். அடுப்பக்கா தன் குடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மாவக்காவின் குடத்தை முதலில் நிரப்பினாள். முழங்கைவரை பழைய சூட்டுத் தழும்புகள். வலது தோளைத் தூக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நான் பிடிச்சுக்க மாட்டேனா?" என்றாள் மாவக்கா.

"நீ ராத்திரி ஷிப்ட். கொஞ்ச நேரமாவது படு. ஆமா, பாப்பா ஏதோ லிஸ்ட் எழுதறாளே, குழாய் எப்ப வருதாம்? வந்தா நான் இந்தக் குடத்தைத் தூக்கித் தெருவுல போட்டு உடைக்கப் போறேன். பிளாஸ்டிக் உடையாது. மிதிச்சாவது நெளிச்சிடுவேன்."

மாவக்காவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

அடுப்பக்கா யார் என்று சொன்னால்தான் இது புரியும். பாப்பாவுக்கு ஆறு வயதாக இருந்தபோது, அவளைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை கல்யாணமாகிப் போய்விட்டாள். மாவக்காவின் ராத்திரி ஷிப்ட் வாரத்தில் குழந்தை தனியாகக் கிடக்க வேண்டும். வேலையை விடுவதைத் தவிர வழியில்லை என்று மாவக்கா அழுதுகொண்டிருந்தபோது, அடுப்பக்கா நேராக சூப்பர்வைசரிடம் போய், "எனக்கு எதிர் வாரம் போடுங்க" என்றாள். மாவக்காவுக்கு ராத்திரி என்றால் இவளுக்குப் பகல். புருஷன், பிள்ளை யாரும் இல்லாத பொம்பளை, கூட நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்த தோழிகளை விட்டுவிட்டுப் பதினாறு வருஷமாக வேறு கூட்டத்தோடு நிற்கிறாள். ஒருநாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. பாப்பா தலையணையை இடுக்கிக்கொண்டு சந்தைத் தாண்டி ஓடுவாள். இப்போதும் அம்மாவுக்கு ராத்திரி ஷிப்ட் என்றால் அங்கேதான் படுக்கை.

அப்படிப்பட்டவளிடம் எதை மறைப்பது? மாவக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அடுப்பக்கா முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நான் இல்லையாமா? அடுப்புக்கிட்ட சொல்லணும், நாளையில இருந்து சுடாதேன்னு." பிறகு சிரிப்பு நின்றது. "பாப்பாவை வெளிய அனுப்பிடுவாங்களா?"

"போய்ச் சொன்னா அனுப்பிடுவாங்க போல."

"அப்ப எதுக்குச் சொல்லணும்? சும்மா இருக்கச் சொல்லு."

"நீயும் இப்படிச் சொன்னா எப்படிக்கா? உன் தோளு..."

"தோளை விடு. இந்தச் சந்துல இருந்து ஒருத்தி அந்த ஆபீசுக்குள்ள நாற்காலி போட்டு உக்காந்திருக்கா. குழாய் என்னிக்காவது வரும்." குடத்தைத் தூக்கி மாவக்காவின் இடுப்பில் வைத்தாள். "அவ வயித்துல புளியைக் கரைக்காம நல்லபடியா ஆபீஸ் அனுப்பு."

வீட்டுக்கு வந்தபோது பாப்பா தரையில் குப்புறப் படுத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். கிராப்புக்காரி வந்து போயிருந்த அடையாளமாக இரண்டு டம்ளர் கிடந்தது.

"அடுப்பக்காவும் சும்மா இருன்னு சொல்லிட்டாங்க" என்றாள் மாவக்கா. "அவங்களே சொன்னப்புறம் உனக்கு என்ன?"

பாப்பா தலை நிமிரவில்லை. "அவங்க சொன்னதாலதான்மா சும்மா இருக்க முடியல. சண்டை போட்டிருந்தாகூட சும்மா இருந்திருப்பேனோ என்னமோ. எனக்காகச் சந்தே வாயை மூடிக்கிட்டா, நான் அங்க யாருக்காக உக்காந்திருக்கிறது?"

"வேலை போயிடும்டி!"

"தெரியும். பயமா இருக்கு. எழுத்தைப் பாரு, கோழி கிளறின மாதிரி இருக்கு."

வேன்காரர் அதற்குள் எழுந்து உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஐம்பது கடையில சொல்லி வச்சிருக்கேனே" என்றார் பரிதாபமாக. பிறகு, "சரி, அவனுங்களுக்குத்தான் பெல்லோசிப்புன்னா என்னன்னே தெரியாதே. போனாலும் தெரியாது" என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டார்.

அன்று ராத்திரி மாவு மேஜையில் மாவக்கா உருட்டிய உருண்டைகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக சூப்பர்வைசர் தராசைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மாவு மேஜைக்காரர்களை மற்றவர்களுக்குக் கால் மணி முன்னதாகவே விட்டுவிடுவார்கள். காலையில் வெளியே வந்ததும் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு, புருவத்தில் ஒட்டிய மாவோடு, பாப்பாவோடு பஸ் ஏறினாள் மாவக்கா. நீ எதுக்கு, போய்ப் படு என்று பாப்பா சொல்லிப் பார்த்தாள். கேட்கிற ஆளா?

நகராட்சி ஆபீசில் குடிநீர்ப் பிரிவு மாடியில். நீளமான வராண்டா, சுவரோரமாக மரப் பெஞ்சுகள், மேலே கிரீச்சிடும் ஃபேன். கிராப்புக்காரி முன்பே வந்து நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். மாவக்காவைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சிடுங்கம்மா. உங்க வீட்டுக்கு மூணு தடவை வந்தேன். நாலாவது தடவை வந்திருக்கணும்."

"நீ வந்தப்ப நான் உள்ளேதான்மா தூங்கினேன். தப்பு யார் மேல? ரெண்டு பேரும்தான்."

எட்டரை மணி இருக்கும். படியில் திமுதிமுவென்று சத்தம் கேட்டது. ராத்திரி ஷிப்ட்காரிகள். ஒன்று, இரண்டு, ஐந்து... பதினெட்டு பேர். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. வராண்டா முழுக்க ரொட்டி வாசனை.

"என்னடி இது? எல்லாரும் எங்க வந்தீங்க?"

"அடுப்பக்கா ஃபேக்டரி கேட்டுல எங்களை நிப்பாட்டிட்டா" என்றாள் முன்னால் வந்தவள். "அவ பகல் ஷிப்டுக்கு உள்ள போறா, நாங்க வெளிய வரோம். ராத்திரி பாப்பா அவ வீட்டுல படுத்துப் புரண்டுக்கிட்டே இருந்தாளாமே. நான் வர முடியாது, நீங்க போய் உக்காருங்க, ஆள் இருக்குதுன்னு தெரியட்டும்னா. அவ சொன்னா தட்ட முடியுமா?"

வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ராத்திரி முழுக்க நின்ற உடம்புக்கு மரப் பெஞ்சும் ஃபேன் காற்றும் போதாதா? பத்தே நிமிஷம். ஒருத்தி தலை அடுத்தவள் தோளில், அவள் தலை சுவரில். மூலையில் இருந்தவள் மெலிதாகக் குறட்டையே விட ஆரம்பித்துவிட்டாள்.

ஒன்பதரைக்கு எஞ்சினியர் வந்தார். ஒல்லியான, சிடுசிடுவென்ற மனுஷர். படி ஏறி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன இது? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"தூங்கறாங்க சார்" என்றாள் பாப்பா.

"யார் இவங்க?"

பாப்பா நேற்று எழுதிய காகிதத்தை நீட்டினாள். "ஆளில்லாத வீட்டுக்காரங்க சார்."

எஞ்சினியர் அவள் நீட்டிய காகிதத்தை நின்றபடியே படித்தார். பட்டியலை வாங்கி அதையும் பார்த்தார். தூங்குகிறவர்களை இன்னொரு தடவை பார்த்தார்.

"உன் தெருதானே இது? உனக்குத் தெரியாதா?"

"பொறந்ததுல இருந்து பாக்கிற பூட்டு சார். அதனாலதான் சொல்லணும்னே தோணல."

"எழுதினது நான் சார்" என்றாள் கிராப்புக்காரி.

"கையெழுத்து?"

"ரெண்டு பேருதும்."

மாவக்கா எழுந்து முன்னால் போய் நின்றுவிட்டாள். "சார், புள்ளைங்களை அனுப்பிடுவீங்களா?"

"அனுப்பிட்டா இத்தனை பூட்டையும் யாரும்மா எண்ணறது? நானா?" சிடுசிடுப்பு குறையவில்லை. பாப்பா பக்கம் திரும்பினார். "வார்டுல பூட்டிய வீடு மொத்தம் எத்தனை?"

"நூத்து எண்பத்தேழு சார்."

"ஒண்ணு விடாம மறுபடி பாருங்க. காலையில ஏழு மணிக்கு, மத்தியானம் மூணு மணிக்குன்னு நேரம் மாத்திப் போங்க. இந்தச் சந்தை இன்னிக்கே முடிச்சு அஞ்சு மணிக்குள்ள சேக்கணும். மத்ததுக்கு நான் மேல பேசி ஒரு வாரம் வாங்கறேன். நீ உன் தெருவுல எண்ணக் கூடாது, முனையில நில்லு. நானும் வரேன்."

"சார், அந்த ஒரு பக்கம்..."

"நடந்ததை நடந்தபடி எழுதுவேன். கவனிக்காம கையெழுத்துப் போட்டதையும் எழுதுவேன், தானா வந்து சொன்னதையும் எழுதுவேன். வேலை இருக்கு, போ." அறைக்குள் போனவர் கதவைத் திறந்து கடைநிலை ஊழியரைக் கூப்பிட்டார். "இவங்களுக்கெல்லாம் டீ சொல்லு. எழுப்பாத. எழுந்தப்புறம் குடு."

மாவக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் சத்தமாக அழுவதற்குக்கூட அவளுக்கு அன்றைக்குத் தெம்பு போதவில்லை. அந்த மனுஷர் நல்லா இருக்க வேண்டும், அவர் பிள்ளைகள் நல்லா இருக்க வேண்டும் என்று பஸ்ஸில் வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று அவளுக்குத் தெரியாது.

மூன்று மணிக்குச் சந்தில் எல்லாக் கதவும் திறந்திருந்தது. பகல் ஷிப்ட்காரிகளும் வந்துவிட்டார்கள். வானம் மூடி ஒரு தூறல் போட்டது. யாரும் உள்ளே போகவில்லை. பாப்பா முனையில் குடை பிடித்து நின்றாள். எஞ்சினியர் கையைக் கட்டிக்கொண்டு நடுச் சந்தில் நின்றார். கிராப்புக்காரி அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு மாவக்கா வாசலுக்கு வந்தாள். இந்த முறை விதிப் புத்தகத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"நேத்து ராத்திரி இந்த வீட்டுல யார் யார் தூங்கினாங்கம்மா?"

மாவக்கா யோசித்தாள். புருஷன் வேனில். அவள் மேஜையில். "யாருமே தூங்கலையேம்மா" என்றாள் கலவரமாக. சந்து கொல்லென்று சிரித்தது. மறுபடியும் ஆளில்லாத வீடாகிவிடுமோ என்று அவளுக்குப் பகீரென்றது.

கிராப்புக்காரி அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினாள். "இருங்க, இருக்கு. ராத்திரி வேலைக்குப் போறவங்களை, வேலை முடிஞ்சு திரும்பி வந்து தங்கற வீட்டுல எழுதணும். நீங்க ரெண்டு பேரும் இங்கதான். மத்தவங்க ராத்திரி எங்க தூங்கினாங்களோ அங்க."

"அப்ப மூணுன்னு போடும்மா" என்றார் வேன்காரர். "எங்க பாப்பா இருக்காளே. பெல்லோ..."

"ரெண்டு" என்றாள் மாவக்கா. "ரெண்டுதான் எழுதணும்."

வேன்காரர் திகைத்துப் போய் அவளைப் பார்த்தார். கிராப்புக்காரி எழுதிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். அடுப்பக்கா வேலையிலிருந்து வந்து கையைக் கழுவிவிட்டு வாசலில் நின்றிருந்தாள்.

"இந்த வீட்டுல எத்தனை பேரும்மா?"

"நான் ஒருத்திதான். எப்பவும் ஒண்ணுதான் எழுதுவாங்க."

"நேத்து ராத்திரி இங்க யார் யார் தூங்கினாங்க?"

அடுப்பக்காவின் கண் எதிர்வாசலுக்குப் போனது, அடுத்தவர் பொருளில் கை வைக்கக் கூச்சப்படுகிறவள்போல. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணுன்னே எழுதிக்கம்மா" என்றாள்.

மாவக்கா தூறலில் இறங்கிச் சந்தின் குறுக்கே நடந்து போனாள். அவளுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது, கால் தள்ளாடியது. அடுப்பக்காவின் தழும்புக் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினாறு வருஷமாகச் சொல்ல நினைத்த ஒன்று, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவளுக்குள் கிடந்தது.

"பொய் சொல்லாதக்கா. அப்புறம் லிஸ்ட்டு தப்பாயிடும்" என்றாள். "எண்ணிக்கை ரெண்டு. உன் பேருக்குக் கீழ பாப்பா பேரையும் சொல்லு."